நான் அழித்த பதில்

நன்றாகச் சிந்திக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை மந்தம் என்று சொன்னேன். பலர் முன்னிலையில் சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்காக அவளைக் குறைநீக்கல் வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளினேன்.

இதை எவ்வளவோ அழகாகச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியும். மேடையில் பேசிப் பேசிப் பழகிய நாக்கு இது. இன்று அந்த நாக்கு வேண்டாம்...

நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். பேராக் மாநிலத்தின் பீடோரிலோ கோலா கங்சாரிலோ, ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில். 'இலக்கவியல் கருவிகள்வழி மாணவரின் உயர்நிலைச் சிந்தனையை வளர்த்தல்' என்ற பயிலரங்கு. நான்தான் பயிற்றுநர். சேலைக்கு மேல் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். நான் பேசினேன், நீங்கள் குறிப்பெடுத்தீர்கள், முடிவில் கைதட்டினீர்கள். உங்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதல் கோபம் என்மீது.

அப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். தோட்டம் என்பது பெயரளவில்தான். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. பாதி நிலத்தில் புதிய வீடுகள் எழும்பித் தாமான் என்ற குடியிருப்பு ஆகிவிட்டது. எஞ்சிய பழைய லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. அவர்கள் தினமும் ஈப்போவுக்குத் தொழிற்சாலை வேலைக்கும் கடை வேலைக்கும் போய் வந்தார்கள். தாமான் பிள்ளைகளும் லயத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

கவித்ரா லயத்துப் பிள்ளை. கேள்வி கேட்டே என்னைக் களைப்படையச் செய்யும் பிள்ளை! கணக்குப் பாடத்தில், ராமு கடையில் ரம்புத்தான் வாங்கினான் என்று ஆரம்பித்தால் போதும், கை தூக்கிவிடுவாள்.

"ஏன் டீச்சர் கடையில வாங்குறான்? அவங்க வீட்டுல மரம் இல்லையா?"

வகுப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன், மனம் நன்றாக இருக்கும் நாட்களில். மற்ற நாட்களில், "உட்காரு கவித்ரா. கணக்க மட்டும் பாரு" என்பேன். உட்கார்ந்துவிடுவாள். அடுத்த கணக்கில் மறுபடியும் கை எழும்.

அந்த ஆண்டுதான் எங்கள் பள்ளிக்குப் புதிய டேப்லட்டுகள் வந்தன. கூடவே ஒரு போட்டியும் வந்தது. புத்தாக்கக் கற்பித்தல் போட்டி. அதிகாரிகள் வகுப்பறைக்கே வந்து பாடத்தைப் பார்ப்பார்கள். வென்றால் மாநில அளவில் பெயர். பிறகு பயிற்றுநர் பதவி. எனக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது. ஆசைப்பட்டேன். ஆசை குற்றமில்லை. அதற்காக நான் செய்தவை...?

ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளைகள் டேப்லட்டில் தட்டும் பதில்கள், பெரிய திரையில் வண்ணச் சதுரங்களாக ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஒவ்வொரு சதுரத்தின் அடியிலும் பிள்ளையின் பெயர் இருக்கும். எல்லாரும் எல்லாருடைய சிந்தனையையும் பார்க்கலாம், மறுக்கலாம், மேலும் ஒன்றைச் சேர்க்கலாம். நல்ல கருவி. இன்றைக்கும் சொல்கிறேன், மிக நல்ல கருவி! கருவியின்மீது நான் பழி போட மாட்டேன்.

பாடம் குரங்குகளைப் பற்றியது. குடியிருப்புக்குள் குரங்குகள் வருகின்றன. காரணம் என்ன, எப்படித் தீர்ப்பாய்? இதுதான் கேள்வி. ஒரே விடையில்லாத கேள்வி. பிள்ளையின் தலைக்குள் போய்த் தங்கி, அங்கேயே முளைக்க வேண்டிய கேள்வி.

அதை முளைக்க விட்டேனா? இல்லை. போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் ஒத்திகை நடத்தினேன். பதில்களை நானே எழுதி ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டேன். யாருக்கு எந்த வண்ணம், யாருக்குப் பிறகு யார் அனுப்புவது, யார் எழுந்து "நான் இக்கருத்தை மறுக்கிறேன்" என்று சொல்வது... எல்லாம் என் ஏற்பாடு. இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கேள்வி திரையில் வந்ததும் உடனே தட்டக் கூடாது, கன்னத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன்.

சிந்திப்பது போல நடிக்கக் கற்றுக்கொடுத்தேன்! ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு! வெட்கம் கெட்டவள்!

கவித்ராவுக்கு நான் கொடுத்த பதில், 'குப்பைத்தொட்டிகளை எப்போதும் மூடி வைக்க வேண்டும்.' மிகச் சுலபமான பதில். ஒத்திகையின்போதே அவள் கேட்டாள்.

"டீச்சர், எங்க லயத்துல தொட்டியே இல்லையே. எத மூடுறது?"

"குடுத்தத மட்டும் எழுது" என்றேன்.

லயத்தில் குப்பைத்தொட்டி இல்லை என்பது எனக்குத் தெரியாததா? நானும் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். அங்கே குப்பையை வீட்டுப் பின்புறம் குவிப்போம், காய்ந்ததும் கொளுத்துவோம். நகராண்மைக் கழக லாரி தாமான்வரை வரும். தோட்டத்து மண்சாலைக்குள் வராது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் சொன்னாள். நான் வாயை மூடச் சொன்னேன்.

போட்டி நாளில் அதிகாரிகள் வந்தார்கள். தலைமை அதிகாரி தமிழர்; கனிவாகப் பேசுபவர். வகுப்பறைக்குப் பின்னால் நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்தார்கள். பாடம் பட்டுப் போலச் சென்றது. விரல்கள் கன்னத்துக்குப் போயின. கண்கள் மேலே பார்த்தன. சதுரங்கள் திரையில் பூத்தன. பச்சை, மஞ்சள், நீலம்... ஓர் அதிகாரி தன் கைப்பேசியில் படம் பிடித்தார்.

பிறகு இளஞ்சிவப்புச் சதுரம் ஒன்று வந்தது.

'எங்கள் லயத்தில் தொட்டி இல்லை. எதை மூடுவது? குப்பை லாரி தாமானுக்கு வரும். எங்களுக்கு வராது. லாரி வராத இடத்துக்குத்தான் குறங்கு வரும். லாரி வந்தால் குறங்கு வராது.'

அடியில் கவித்ரா என்று பெயர். குரங்குக்குத் தப்பான றகரம் போட்டிருந்தாள்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால் இதை இன்னொரு முறை படியுங்கள். இரண்டு இடங்களை ஒப்பிட்டிருக்கிறாள். காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். கொடுக்கப்பட்ட தீர்வு ஏன் செல்லாது என்று காட்டி, புதிய தீர்வைச் சொல்லியிருக்கிறாள். பாடத்திட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கும் அத்தனையும் அந்தச் சிறு சதுரத்தில் இருந்தது! அந்த அறையில் அன்று சிந்தித்த ஒரே ஆள் அவள்தான்.

நான் என் டேப்லட்டில் அந்தச் சதுரத்தின்மேல் விரலை வைத்து அழித்தேன்.

திரையில் அது இருந்த இடம் காலியானது. பக்கத்துச் சதுரங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன. ஆனால் தலைமை அதிகாரி பார்த்துவிட்டார்.

"டீச்சர், ஒரு பதில் வந்துச்சே? எங்க காணோம்?"

உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? 'அழித்துவிட்டேன் சார், அவளையே கேளுங்கள்' என்றிருக்கலாமே! ஆனால் அவளைக் கேட்டால், பதில்களை நான் எழுதிக்கொடுத்த கதையும் வெளியே வந்துவிடும். பயந்தேன். வாய் தானாகவே பேசியது.

"அந்தப் பிள்ள கொஞ்சம் மந்தம் சார். கேள்வி புரியாது. ஏதாச்சும் தட்டிவிட்டுடுவா."

மெதுவாகத்தான் சொன்னேன். சின்ன அறை. எல்லாருக்கும் கேட்டது. இரண்டு மூன்று பிள்ளைகள் சிரித்தார்கள். கவித்ரா டேப்லட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தலையசைத்தார். "பரவால்ல டீச்சர். இப்படிப்பட்ட பிள்ளையையும் ஒதுக்காம சேத்துக்கிட்டு செய்றீங்களே, பெரிய விசயம்! குறைநீக்கல் வகுப்புக்குப் போறாளா?"

"போறா சார்."

இரண்டாவது பொய். அவரும் எழுந்து சென்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் என்ன, யாருமே கேட்கவில்லை! சிந்தனையைத் தேடிக்கொண்டு வந்தவர்கள், அது எதிரில் உட்கார்ந்திருந்தபோது படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வென்றேன்.

குறைநீக்கல் வகுப்பு என்பது எழுத்தும் எண்ணும் பிடிபடாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கானது. அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் கவித்ராவுக்கு அங்கே வேலையில்லை. அதிகாரி மறுமுறை வந்து கேட்டால் என்ன செய்வது என்ற அச்சம் என்னை அரித்தது. சில வாரங்களில் அதற்கான சோதனை வந்தது. கவித்ரா தாளை அப்படியே வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தாள். போட்டி நாளுக்குப் பிறகு அவள் கை தூக்குவதை நிறுத்தியிருந்தாள். எழுதுவதையும் பேசுவதையும்கூட ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். ஏன் வெறுமை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வெறுமையைப் பயன்படுத்திக்கொண்டேன்.

குறைநீக்கல் ஆசிரியை பிரேமா, என்னைவிட இளையவள், ஒருநாள் ஓய்வு நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, கவித்ராவ ஏன் எங்கிட்ட அனுப்புனீங்க? அது நல்லா வாசிக்குது லா. எனக்கு ஒன்னும் கொற தெரியல."

"மேலோட்டமா பாத்தா தெரியாது பிரேமா. எனக்கு அனுபவம் இருக்கு."

பிரேமா திரும்பிப் போய்விட்டாள். எப்படி மறுத்துப் பேசுவாள்? நான் விருது வாங்கியவள்!

கவித்ராவின் அம்மா விஜயாவைப் பள்ளிக்கு வரச் சொல்லி விவரத்தைத் தெரிவித்தேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முகம் சுருங்கிப் போனது. "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். திரும்பி, நடைவழியில் நின்றிருந்த மகளின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். "டீச்சர் சொல்லிக் குடுத்தத எழுத மாட்டியா? மானத்த வாங்குறியே!" மறுபடியும் முதுகில் ஓர் அடி.

"அடிக்காதீங்க விஜயா" என்றேன். எவ்வளவு கருணை எனக்கு!

ஆண்டு முடிந்ததும் நான் பயிற்றுநர் ஆனேன். பேராக் முழுவதும் சுற்றினேன். இப்போது சொல்லப் போவதுதான் என் குற்றங்களிலேயே அருவருப்பானது. கேளுங்கள்.

பயிலரங்குகளில் எனக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. உயிருள்ள உதாரணம். கவித்ராவின் பதிலை எடுத்துக்கொண்டேன். ஆம், நான் அழித்த அதே பதிலை! திரையில் பெரிய எழுத்தில் போட்டேன். "தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் என்னை மடக்கினாள்..." என்று தொடங்குவேன். அவளை அருகில் அழைத்து மெச்சினேன் என்பேன். வகுப்பையே அவளுக்காகக் கைதட்டச் செய்தேன் என்பேன். மண்டபம் சிலிர்க்கும். நீங்கள் சிலிர்த்தீர்கள்! உங்களில் ஒருவர்கூட 'அந்தப் பாடத்தைக் காட்டுங்கள்' என்று கேட்கவில்லை. கதை நன்றாக இருந்தது. அது உங்களுக்குப் போதும்.

பீடோரில் மட்டும் ஓர் இளம் ஆசிரியர் கை தூக்கினார். "டீச்சர், அந்த மாணவி இப்ப எங்க படிக்கிறா?"

"ஈப்போவுல. நல்லா படிக்கிறா" என்றேன். அவள் எங்கே இருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. லயத்தைக் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டது மட்டும்தான்.

நான் தேடிப் போகவில்லை. அந்தப் பெருமைகூட எனக்கு இல்லை. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மதியம், ஈப்போவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்குச் சாப்பிடப் போனேன். ஓரத்து மேசையில் ஒரு பெண்பிள்ளை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றாள்.

"வணக்கம் டீச்சர்."

கவித்ரா. வளர்ந்திருந்தாள். குரலைக் கேட்டுச் சமையற்கட்டிலிருந்து விஜயா வந்தார். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். அங்கேதான் வேலை செய்கிறாராம். சனிக்கிழமைகளில் மகளும் உடன் வருவாளாம்.

"இடைநிலைப்பள்ளியில படிவம் ஒன்னு டீச்சர். மார்க்கு கொறஞ்சவங்கள போடுற கடைசி வகுப்புதான். என்ன செய்றது? நீங்க அப்பவே கண்டுபிடிச்சி சொன்னீங்க. இல்லன்னா எங்களுக்கு எங்க தெரியப் போவுது? ஒங்கள நெனைக்காத நாளில்ல."

நன்றி சொன்னார்... எனக்கு!

ஒரு பொய்யைத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கு நன்றி சொல்வதைத் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பதில்களை நான் எழுதிக்கொடுத்தது, அவள் மட்டும் சொந்தமாக எழுதியது, நான் அழித்தது, மந்தம் என்றது, வகுப்பு மாற்றியது, அவள் பதிலை ஊர் ஊராகச் சொல்லிப் பெயர் வாங்கியது. ஒன்றையும் மறைக்கவில்லை.

முதலில் கவித்ராதான் பேசினாள்.

"நான் அப்படி எழுதினேனா டீச்சர்? ஞாபகம் இல்ல."

கொஞ்சம் யோசித்து, "அது சரியான பதிலா, தப்பான பதிலா?" என்றாள்.

"சரியான பதில்மா. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு."

தலையாட்டினாள். சோதனைக்கு வரும் என்று ஆசிரியர் சொன்ன விடையை மனத்தில் வாங்கிக்கொள்ளும் பிள்ளை அப்படித்தான் தலையாட்டும். 'ஏன் அழிச்சீங்க' என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவளுக்கு நான் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்!

விஜயாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போயிற்று என்று நான் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு இவள அடிச்சேன் டீச்சர்" என்றார். குரல் உயரவில்லை. "அன்னிக்கு மட்டுமில்ல. மக்கு மக்குன்னு திட்டித் திட்டியே வளத்தேன். சொந்தக்காரங்க முன்னாடி திட்டுனேன். என் பிள்ளைய..."

"விஜயா, என்ன மன்னிச்..."

"இருங்க. இத எதுக்கு இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க? ஒங்க மனசு லேசாவுறதுக்கா? அன்னிக்கு எங்கிட்டயா சொன்னீங்க? பெரிய ஆளுங்க முன்னாடிதான சொன்னீங்க? அங்க போயி சொல்லுங்க. கைதட்டுனாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறமா வாங்க."

உள்ளேயிருந்து கடைக்கார பாய், "அக்கா, மீன் கறி முடிஞ்சிருச்சு" என்று குரல் கொடுத்தார். விஜயா போய்விட்டார். கவித்ராவுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. நான் வெளியேறும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

சொன்னேன். ஆம், போய்ச் சொன்னேன்! அடுத்த பயிலரங்கு கமுந்திங்கில் நடந்தது. அதே அதிகாரி, இப்போது இன்னும் உயர்ந்த பதவியில், முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக அமர்ந்திருந்தார். திரையில் கவித்ராவின் பதிலைப் போட்டேன். "இந்தக் கதையில் நான் சொல்லிவந்தது அத்தனையும் பொய்" என்று ஆரம்பித்தேன். அழித்ததைச் சொன்னேன். "சார், அன்னைக்கு உங்ககிட்டதான் பொய் சொன்னேன்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவள் இன்று கடைசி வகுப்பில் இருப்பதைச் சொன்னேன். வேலை போகும், விருதைத் திருப்பிக் கேட்பார்கள், முகத்தில் காறி உமிழ்வார்கள்... எதற்கும் தயாராக நின்றேன்.

கைதட்டினார்கள்.

முதலில் பின்வரிசையில் யாரோ தட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். அதிகாரி மேடையேறி என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார்.

"பாத்தீங்களா ஆசிரியர்களே! தன்னைத் தானே சீர்தூக்கிப் பாக்கறதுன்னா இதுதான். இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும்!"

"சார், அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப் போறோம்?" என்று கத்தினேன். ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது. கைதட்டலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கீழே இறங்கியதும் படம் எடுத்துக்கொள்ளச் சூழ்ந்தார்கள். ஓர் ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அது எந்தச் செயலி? எங்க பள்ளியிலயும் போட்டிக்குச் செய்யலாம்னு இருக்கோம்" என்றார்.

நீங்களும் அங்கே இருந்திருந்தால் தட்டியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்! பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்காக ஒரு நிமிடம் கண் கலங்குவது சுலபம். அவள் எந்தப் பள்ளியில் இருக்கிறாள், நாம் யாராவது போய்ப் பார்ப்போமா என்று அந்த மண்டபத்தில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். இவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்திருக்காது. ஆனால், இந்த ஆத்திரம்தான் யோக்கியமானதா? அவர்களை அப்படிப் பழக்கியவள் யார்? ஊர் ஊராகப் போய், அழகான கதையைச் சொல்லி, கேள்வியில்லாமல் கேட்கப் பழக்கியவள் நான்தானே!

நேற்று ஏற்பாட்டாளர் வாட்சாப்பில் செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் கோலா கங்சாரில் பயிலரங்காம். 'கமுந்திங்கில் சொன்ன அந்தக் கதையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். ஆசிரியர்களுக்கு நல்ல உந்துதலாக இருக்கும்.'

நான் இன்னும் மறுமொழி அனுப்பவில்லை. மறுக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால், படித்த அந்தக் கணத்தில், எங்கே நிறுத்தி எங்கே குரலைத் தாழ்த்தினால் இன்னும் நன்றாக அமையும் என்று என் மனம் ஒரு நொடி கணக்குப் போட்டதே... அதை என்னவென்று சொல்வது!

விஜயா சொன்னபடி, அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தக் கடைத்தெரு வழியாகப் போவதையே தவிர்க்கிறேன். போய் நின்று என்ன சொல்வேன்?

'சொல்லிவிட்டேன் விஜயா, எல்லாரும் கைதட்டினார்கள்' என்றா?